அங்குலமும் மில்லி மீட்டரும்: கணிப்பொறி வரைபடத்தில் ஒளிந்திருக்கும் எண்கள்



நமது தம்பானூர் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் வேளையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட தூரம் எவ்வளவு என்று தாங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? 1676 மில்லி மீட்டர். 1600 என்றோ 1700 என்றோ வைக்காமல் இப்படி ஒரு விசித்திர எண்ணை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால், யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே விடை. ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்தது ஐந்தரை அடி, அதாவது 66 அங்குலம். அதை 25.4 ஆல் பெருக்கினால் 1676.4 வரும். புள்ளிக்குப் பின்னால் உள்ள 4 உதறப்பட்டு, மீதி நம் காலடியில் கிடக்கிறது.

இந்தப் பெருக்கல் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் இன்று நம் சமூகத்து இளைஞர்கள் பலர் பார்க்கும் வேலையில் இதே பெருக்கல்தான் அதிகமான தொல்லையைக் கொடுக்கிறது. நம் வீடுகளில் "பையன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று கேட்டால், "கம்ப்யூட்டரில் மெஷின் படம் போடுகிறான்" என்று பெற்றோர் சொல்வதைக் கேட்கிறோம். அமெரிக்காவிலிருந்து வரும் வேலை அங்குலத்தில் இருக்கும். அதைச் செய்யும் பட்டறை இங்கே மில்லி மீட்டரில் வேலை செய்யும். இடையில் உட்கார்ந்திருப்பவர் நம் பையனோ பெண்ணோதான். டிப்ளமோ படித்து, ரயில்வேயில் வரைபடங்களோடும் தண்டவாளங்களோடும் காலம் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். அடி அங்குலத்தில் வரைந்த பழைய வரைபடங்களையும் மில்லி மீட்டரில் வந்த புதியவற்றையும் ஒரே மேஜையில் வைத்து வேலை பார்த்த தலைமுறை நாங்கள்.

முதலில் ஒரு வேடிக்கை. 1870 வாக்கில், மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்தில், இந்தியாவுக்குச் சிக்கனமான குறுகிய ரயில் பாதை வேண்டும் என்று முடிவாயிற்று. மெட்ரிக் அளவு முறை இந்நாட்டுக்கு வரப்போகிறது என்ற எண்ணத்தில், அதற்கு ஒரு மீட்டர் அகலம் வைத்தார்கள். அடிக்கணக்கில் 3 அடி 3⅜ அங்குலம். மெட்ரிக் முறையோ வரவில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் படிப்படியாக வந்தது. அதுவரை எண்பது ஆண்டுகளுக்கு மேலாக மீட்டர் பாதையில் ரயிலின் எடை கஜத்துக்கு இத்தனை பவுண்டு, போல்ட்டின் கனம் இத்தனை அங்குலம். பெயர் மீட்டர், உடம்பெல்லாம் அங்குலம்! அந்த மீட்டர் பாதை 1931இல் தம்பானூருக்கு வந்தது. 1976இல் அது அகலப் பாதையாக மாறியது. அதாவது நாடு முழுவதும் மெட்ரிக்குக்கு மாறி முடிந்த பிறகு, நம் ஊர்ப் பாதை ஆயிரம் மி.மீ. என்ற முழு எண்ணை விட்டு, அங்குலத்தில் பிறந்த 1676க்கு மாறியது. அலகுகள் மாறும்போது பழையது செத்துப் போவதில்லை, புதிய எண்ணுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

அலகு மாற்றத்தில் இரண்டு வகை உண்டு. பொருளின் பருமனை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணை மாற்றுவது ஒன்று. எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு பருமனை மாறவிடுவது மற்றொன்று. ரயில்வேயில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பழைய மீட்டர் பாதைகளில் '60 ஆர்' என்ற தண்டவாளம் இருந்தது. இன்றைய அகலப் பாதையில் '60 கிலோ' தண்டவாளம் கிடக்கிறது. இரண்டிலும் 60. முன்னது கஜத்துக்கு 60 பவுண்டு, அதாவது மீட்டருக்கு ஏறக்குறைய 29.8 கிலோ. பின்னது மீட்டருக்கு 60 கிலோ. எண் ஒன்றே, பொருளோ இரண்டு மடங்கு. அலகை விட்டுவிட்டு "அறுபது ரயில் அனுப்பு" என்று எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

வீட்டிலேயே இது நடக்கிறது. "இரண்டடி டைல்" என்று கடையில் கேட்டு வாங்குகிறோம். வருவது 600 மி.மீ. சதுரம். உண்மையான இரண்டடி 609.6 மி.மீ. இருபதடி அறைக்குப் பத்து டைல் என்று கணக்குப் போட்டவருக்குக் கடைசியில் 96 மி.மீ., ஏறக்குறைய நான்கு அங்குலம், வெறுந்தரையாக நிற்கும். இடையில் விடும் சந்து சிறிது குறைக்கும், அவ்வளவே. இதில் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி கணிப்பொறிக்கு வருவோம். பழைய நாளில் கணிப்பொறியில் படம் வரைவது, காகிதத்தில் வரைவதையே திரையில் செய்வதுதான். 1982இல் வந்த ஆட்டோகேட் கோடுகளை வெறும் எண்களாகவே வைத்துக்கொண்டது. 10 என்றால் அது பத்து அங்குலமா பத்து மில்லி மீட்டரா என்பது வரைபவரின் மனத்தில்தான் இருந்தது. பிறகு 1988இல் புரோ-எஞ்சினியர், 1995இல் சாலிட்வொர்க்ஸ் என்று வேறு வகை மென்பொருள்கள் வந்தன. இவற்றில் நாம் கோடு வரைவதில்லை, பாகத்தையே உருவாக்குகிறோம். நீளம், அகலம், துளையின் விட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்து, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவைச் சூத்திரமாக எழுதி வைக்கலாம். நீளத்தை மாற்றினால் துளைகள் தாமே நகர்ந்துகொள்ளும். தையற்காரர் ஒரு ரவிக்கை வெட்டுவதற்கும், "மார்பளவில் நான்கில் ஒரு பங்கு, அத்துடன் ஒன்றரை அங்குலம்" என்று வெட்டும் விதியையே எழுதி வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. அந்த விதியின் கடைசியில் உள்ள 'ஒன்றரை'யை மறந்துவிடாதீர்கள். நம் கதாநாயகனும் வில்லனும் அதுதான்.

இம்மென்பொருள்களில் அங்குலத்தில் செய்த பாகத்தை மில்லி மீட்டருக்கு மாற்றச் சொன்னால், புரோ-எஞ்சினியரும் அதன் வழித்தோன்றலான கிரியோவும் நேராக ஒரு கேள்வி கேட்கும். ஓர் அங்குலத்தை 25.4 மி.மீ. ஆக்கவா, அல்லது 1 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளவா? நான் முன்னே சொன்ன இரண்டு வகைகளே இவை. பெரும்பாலும் முதலாவதுதான் வேண்டும். இரண்டாவதற்கும் ஒரு நியாயமான உபயோகம் உண்டு. பல மென்பொருள்கள் அமெரிக்கத் தயாரிப்பு. தொடக்க அமைப்பைக் கவனிக்காவிட்டால் புதிய பாகம் அங்குலத்தில் திறந்துகொள்ளக்கூடும். நம் பையன் 50 மி.மீ. என்று நினைத்து 50 என்று அடித்திருப்பான், கணிப்பொறியோ 50 அங்குலம், அதாவது 1270 மி.மீ. என்று எடுத்திருக்கும். அப்போது எண்ணை வைத்துக்கொண்டு அலகை மட்டும் திருத்துவதே சரி. எது வேண்டும் என்பது கணிப்பொறிக்குத் தெரியாது. முதலில் எண்ணை அடித்தவருக்குத்தான் தெரியும்.

இங்கே தவறு நேர்ந்தால் உடனே தெரிந்துவிடும். கன அளவில் 25.4 ஐ மூன்று முறை பெருக்கியது போன்ற வித்தியாசம், அதாவது 16,387 மடங்கு. எடை பார்க்கச் சொன்னால் கையளவு இரும்புத் துண்டு தூசியாகவோ யானையாகவோ காட்டும். கண்ணுக்குத் தெரியும் பிழை நமக்கு நண்பன். உண்மையான ஆபத்து சூத்திரத்துக்குள் இருக்கிறது.

ஒரு தகடு. நீளம் 6 அங்குலம். இரு ஓரங்களிலும் அரை அங்குலத் துளை ஒவ்வொன்று. ஓரத்திலிருந்து முக்கால் அங்குலம் தள்ளித் துளையின் மையம் இருக்க வேண்டும் என்பதற்காக, தகட்டின் நடுவிலிருந்து துளையின் தூரத்தை இப்படி எழுதியிருக்கிறார்கள்: நீளத்தில் பாதி, கழித்தல் 0.75. மூன்றில் முக்கால் போக 2.25 அங்குலம். சரி. இப்போது பருமன் மாறாமல் மில்லி மீட்டருக்கு மாற்றுகிறோம். நீளம் 152.4 ஆகிறது. துளை 12.7 ஆகிறது. சூத்திரத்தில் உள்ள 0.75 மட்டும் 0.75 ஆகவே நிற்கிறது! ஏனெனில் அது நீளம் என்பதே கணிப்பொறிக்குத் தெரியாது. யாரோ எழுதி வைத்த ஒரு வெறும் எண் அது. ஆகவே 76.2 கழித்தல் 0.75, அதாவது 75.45. துளையின் மையம் ஓரத்திலிருந்து முக்கால் மில்லி மீட்டரில் வந்து நிற்கும். துளையில் ஏறக்குறைய பாதி தகட்டுக்கு வெளியே போய்விடும். இதுவும் கண்ணுக்குத் தெரிகிறது, தப்பித்தோம்.

ஆனால் இதைப் பாருங்கள். ஓர் அங்குல ஷாஃப்ட் நுழைய வேண்டிய துளை. சூத்திரம்: ஷாஃப்ட் விட்டம், கூட்டல் 0.005. ஆயிரத்தில் ஐந்து அங்குலம், பணிமனை மொழியில் "அஞ்சு தௌ" இடைவெளி. துளை 1.005 அங்குலம், அதாவது 25.527 மி.மீ. இருக்க வேண்டும். மாற்றிய பின் சூத்திரம் 25.4 உடன் 0.005 ஐக் கூட்டி 25.405 என்று சொல்லும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வரைபடத்தில் இரண்டு தசம இடம் மட்டும் காட்டினால் 25.41 என்று அழகாக நிற்கும். சோதிப்பவர் கையெழுத்துப் போடுவார். டர்னர் அதன்படியே கடைந்து கொடுப்பார். ஷாஃப்ட் நுழையாது, அல்லது சுத்தியலால் அடித்து நுழைத்து, ஓடும்போது சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அப்போது குற்றம் டர்னர் தலையில் விழும். நான் பார்த்த வரையில் இது போன்ற விவகாரங்களில் கடைசியில் நிற்பவர்தான் திட்டு வாங்குகிறார்.

இது கணிப்பொறி கொண்டுவந்த புதிய நோய் அன்று. தண்டவாளப் பகுதியில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வளைவில் பாதை சரியாக வளைகிறதா என்று பார்க்க, ரயிலின் உள்விளிம்பில் ஒரு நூலை நாண் போல் இழுத்துப் பிடித்து, நடுவில் ரயிலுக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை அளப்பார்கள். அதற்கு வெர்சைன் என்று பெயர். நாணின் வர்க்கத்தை, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். இது வடிவ கணிதம். லண்டனிலும் மாறாது, பாரிஸிலும் மாறாது. ஆனால் அடிக்கணக்குப் புத்தகத்தில் "1.5 பெருக்கல் நாணின் வர்க்கம், வகுத்தல் ஆரம்" என்று இருக்கும், மெட்ரிக் புத்தகத்தில் 1.5 க்குப் பதில் 125 இருக்கும். ஏன்? அங்கே நாணும் ஆரமும் அடியில், விடை அங்குலத்தில். 12 ஐ எட்டால் வகுத்தால் ஒன்றரை. இங்கே மீட்டரில் அளந்து விடை மில்லி மீட்டரில். 1000 ஐ எட்டால் வகுத்தால் 125. அலகு அந்த எண்ணுக்குள் கரைந்து கிடக்கிறது, உப்புப் போல. 875 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 மீட்டர் நாணுக்கு வெர்சைன் 57 மி.மீ. பழைய சூத்திரத்தில் மீட்டரைப் போட்டால் 0.69 வரும். அதை மில்லி மீட்டர் என்று நம்புபவர் வளைவை நேர்கோடாக்கிவிடுவார்!

ஸ்லீப்பர் கணக்கும் அப்படித்தான். ஒரு ரயிலுக்கு எத்தனை ஸ்லீப்பர் என்பதை 'எம் கூட்டல் 7' என்று எழுதுவோம். எம் என்பது ரயிலின் நீளம், மீட்டரில். 13 மீட்டர் ரயிலுக்கு 20. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1540. கஜத்தில் அளந்த காலத்திலும் இதே போன்ற சூத்திரம் இருந்தது, நீளம் மட்டும் கஜத்தில். அதே 13 மீட்டரைக் கஜத்தில் போட்டு 7 ஐக் கூட்டினால் 14 உடன் 7, 21 ஆகிவிடும். ஒரு ரயிலுக்கு ஒன்றுதானே என்று தோன்றும். கிலோமீட்டருக்கு எழுபத்தேழு கான்கிரீட் ஸ்லீப்பர் கூடுதலாக வந்து இறங்கும்.

மெட்ரிக் வந்தபோது எங்கள் முன்னோர் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு சூத்திரத்தையும் எடுத்து, உள்ளே இருந்த எண்ணை மறுபடி கணக்கிட்டு, புத்தகத்தையே புதிதாக அச்சிட்டார்கள். பாகத்தை மாற்றும் நம் இளைஞர்களும் அதையே செய்ய வேண்டும். அலகு மாற்றும் பொத்தானை அமுக்கும் முன்பு, அந்தப் பாகத்தில் எழுதியிருக்கும் சூத்திரங்களின் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கவும். தனியாக நிற்கும் ஒவ்வொரு எண்ணையும் "நீ யார்?" என்று கேட்கவும். 'நீளத்தில் பாதி' என்பதில் உள்ள 2 வெறும் விகிதம். அது எந்த அலகிலும் 2 தான். 'கழித்தல் 0.75' ஒரு நீளம்; அதற்கு 'ஓர ஒதுக்கு' என்று பெயர் வைத்து, அங்குலம் என்ற அலகோடு தனி அளவாகப் பதிந்துவிட்டால், அடுத்த முறை அது தானாக 19.05 மி.மீ. ஆகும். இப்போதைய மென்பொருள்கள் சிலவற்றில் சூத்திரத்துக்குள்ளேயே எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதலாம். சோம்பல் படாமல் எழுதுங்கள் என்பேன்.

எல்லாவற்றையும் மாற்றியே தீர வேண்டும் என்பதும் இல்லை. மரையைப் பொறுத்தவரை மாற்றவே கூடாது. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, கோணம் 55 பாகை. அமெரிக்க அரை அங்குலத்தில் 13 மரை, 60 பாகை. மெட்ரிக் 12 மி.மீ. போல்ட்டில் ஒவ்வொரு மரைக்கும் 1.75 மி.மீ. இவற்றை ஒன்றுக்கு ஒன்று பெருக்கி வகுத்துச் சமமாக்க முடியாது. 12.7 ஐ 12 ஆக்கி "கிட்டத்தட்ட ஒன்றுதானே" என்பவர் சாலைக் கடைத்தெருவில் ஏதாவது ஒரு இரும்புக் கடையில் இரண்டு நட்டுகளை வாங்கிப் போட்டுப் பார்க்கட்டும். குழாய் இன்னும் வினோதம். பிளம்பர் "அரை இஞ்சு" என்று சொல்லும் இரும்புக் குழாயை அதிகாரபூர்வமாக 15 மி.மீ. என்பார்கள், வெர்னியரால் வெளியே அளந்தால் 21.3 மி.மீ. இருக்கும். அது அளவே அன்று, பெயர். பெயரை யாராவது 25.4 ஆல் பெருக்குவார்களா?

சரி, 1676.4 இல் இருந்து 0.4 ஐ உதறினார்களே, அது மட்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாதையின் அகலத்தில் சில மில்லி மீட்டர் கூடவும் குறையவும் விதியே அனுமதிக்கிறது. கான்கிரீட் ஸ்லீப்பர் வந்தபின் 1673 என்றே வைத்துப் போட்ட பாதைகள் உண்டு. அங்கே 0.4 ஒரு பொருட்டன்று. அதே 0.4 ஒரு பேரிங்கில் மலை. ஆகவே எத்தனை தசமத்தில் நிறுத்துவது என்பதைக் கணிப்பொறியோ அழகுணர்ச்சியோ தீர்மானிக்கக் கூடாது; பாகம் எங்கே உட்காரப் போகிறது என்பது தீர்மானிக்க வேண்டும். அமெரிக்க வரைபடங்களில் இன்னொரு நுட்பம் உண்டு. தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கம் இருக்கிறது என்பதே எவ்வளவு பிசகு தாங்கும் என்பதைச் சொல்லும். அதன் விவரம் வரைபடத்தின் மூலையில் கட்டத்தில் இருக்கும். 1.500 அங்குலம் என்று மூன்று இலக்கத்தில் எழுதியது, மாறும்போது 38.1 என்று ஒரே இலக்கமாகிவிடும். அளவு சரி, ஆனால் அது சுமந்துவந்த கண்டிப்பு தொலைந்துபோயிற்று. அதையும் தனியே எழுதிச் சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறேன். டோக்கியோ டிஸ்னிலேண்டில் 'ஸ்பேஸ் மவுண்டன்' என்றொரு கேளிக்கை ரயில். 2003 டிசம்பர் 5ஆம் தேதி, ஓடிக்கொண்டிருந்த ரயிலின் அச்சு முறிந்து பெட்டி தடம் புரண்டது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. விசாரணையில் தெரிந்தது இது. 1995இல் அச்சின் அளவு அங்குலத்திலிருந்து மெட்ரிக்குக்கு மாற்றப்பட்டு 45 மி.மீ. ஆயிற்று. ஆனால் பழைய அங்குல வரைபடமும் அலுவலகத்தில் உயிரோடு இருந்தது. 2002இல் புதிய அச்சுகளுக்கு ஆர்டர் கொடுத்தபோது அந்தப் பழைய வரைபடம் போய்விட்டது. வந்த அச்சு 44.14 மி.மீ. ஒரு மில்லி மீட்டர்கூடக் குறைவில்லை! ஆனால் அச்சுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லி மீட்டருக்கு மேலாகிவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் அதிர்ந்து அதிர்ந்து, அச்சு களைத்து முறிந்தது. 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் செவ்வாய்க் கலம் பவுண்டுக்கும் நியூட்டனுக்கும் இடையே சிக்கித் தொலைந்த கதையைப் பலர் அறிவார்கள். எனக்கென்னவோ டோக்கியோ அச்சுதான் அதிகம் உறைக்கிறது. அங்கே பெருக்கல் தவறவில்லை. ஒரு பாகத்துக்கு இரண்டு வரைபடம் இருந்தது, அவ்வளவே.

ஆகையால் ஒரு பாகத்துக்கு ஓர் அலகு, ஒரே மூல உரு. அங்குலத்தில் பிறந்த பாகத்தை அங்குலத்திலேயே வாழவிட்டு, பட்டறைக்குப் போகும் தாளில் மட்டும் மில்லி மீட்டரைப் பக்கத்தில் காட்டலாம். மென்பொருள்களில் அதற்கு வசதி உண்டு. முழுமையாக மாற்றுவதென்றால் மாற்றிய பின் பழையதைப் பூட்டி வைத்து, "இது செல்லாது" என்று மேலே எழுதிவிட வேண்டும். மாற்றும் முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் பாகத்தின் எடையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஓர் அங்குலக் கனசதுர எஃகு ஏறக்குறைய 129 கிராம்; அலகு எதுவானாலும் அது 129 கிராம்தான். எடை மாறியிருந்தால் எங்கோ ஒரு வெறும் எண் விழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆனால் அஞ்சு தௌ போன்ற சிறு பிழை எடையில் தெரியாது. அதற்குச் சூத்திரப் பட்டியலைப் படிப்பதைத் தவிர வழியில்லை.

பள்ளி, கல்லூரிகளில் முப்பரிமாண அச்சுப் பொறி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அதற்கு அனுப்பும் எஸ்.டி.எல். கோப்பில் அலகு என்பதே கிடையாது, எண்கள் மட்டுமே. இரண்டு அங்குலப் பொம்மையை அங்குலத்தில் சேமித்து அனுப்பினால் பொறி அதை இரண்டு மில்லி மீட்டராக, எள்ளளவில், அச்சிடும். சேமிக்கும்போதே மில்லி மீட்டர் என்று தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

கேரளத்துத் தச்சர்களின் கோல், விரல் கணக்கும் (24 விரல் ஒரு கோல், அதாவது 72 சென்டி மீட்டர்) நம் ஊர் மேஸ்திரிகளின் 'நூல்' கணக்கும் (எட்டு நூல் ஓர் அங்குலம்) இதோடு சேர்ந்தால் இன்னும் சுவையாக இருக்கும்; பக்க அளவு கருதி விடுகிறேன். அடி அங்குலத்தில் உள்ள பழைய வரைபடம் யார் வீட்டிலாவது, பட்டறையிலாவது இருந்து படிக்கத் தடுமாறினால், சங்கக் கூட்டத்துக்கு வரும்போது கையோடு கொண்டுவாருங்கள். உட்கார்ந்து பார்ப்போம்.